பதினோரு நாளில் சீன மலைகள்: அம்மாவையும் குழந்தைகளையும் அழைத்துச் செல்பவருக்கு

உங்கள் கேள்வியின் சாரம் இது. நீங்கள், மனைவி, பதினொரு வயது மகள், ஆறு வயது மகன், முழங்கால் வலியுள்ள அறுபத்தேழு வயது அம்மா ஆகிய ஐவரும் சென்னையிலிருந்து புறப்பட்டு, ஏப்ரல் 27 முதல் மே 7 வரை சீனாவில் ஜாங்ஜியாஜியே, ஹுவாங்ஷான், ஜியுஜைகோ, லிஜியாங் ஆகிய மலைப்பகுதிகளையும், முடிந்தால் திபெத்தையும் பார்க்க விரும்புகிறீர்கள். அம்மா சுத்த சைவம். குழுப்பயணமாக இல்லாமல் நீங்களே ஏற்பாடு செய்துகொள்ள முடியுமா, எந்த வரிசையில் போகலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

நீங்களே ஏற்பாடு செய்துகொள்ளலாம். ஆனால் இந்தப் பட்டியலோடும் இந்தத் தேதிகளோடும் செல்ல வேண்டாம். நீங்கள் எழுதியுள்ள ஐந்து இடங்களும் ஹூனான், அன்ஹுய், சிச்சுவான், யுன்னான், திபெத் என ஐந்து வெவ்வேறு நிர்வாகப் பகுதிகளில் இருக்கின்றன. ஊட்டி, மவுண்ட் அபு, சிம்லா, டார்ஜிலிங், லே ஆகிய ஐந்தையும் ஒரே மூச்சில் பார்த்துவிட வேண்டும் என்று ஒருவர் கேட்டால் நீங்கள் என்ன சொல்வீர்களோ அதையே நானும் சொல்ல வேண்டியிருக்கிறது. சீனாவின் அதிவேக ரயில்கள் தூரத்தை வெகுவாகக் குறைத்துவிட்டன என்பது உண்மைதான். ஆனால் ஒவ்வொரு இடமாற்றத்திலும் பெட்டி கட்டுவது, நிலையத்தின் பாதுகாப்புச் சோதனை, மலையடிவார ஊருக்குச் சாலைப் பயணம், புது விடுதியில் பதிவு எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ ஒரு நாளை எடுத்துக்கொள்ளும். ஐந்து இடமாற்றம் என்றால் பதினோரு நாளில் ஐந்து நாள் போய்விடும். மீதியுள்ள நாட்களில் ஒன்றில் மூடுபனி இறங்கிவிட்டால் அந்த மலையைப் பார்க்காமலேயே திரும்ப நேரிடும். ஆகவே ஒரே மாகாணத்தைத் தேர்ந்தெடுத்து, பார்க்க வேண்டிய முக்கிய மலைக்கு ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். கீழே நான் சொல்லும் மற்றவை எல்லாம் இதிலிருந்துதான் வருகின்றன.

முதலில் தேதி. மே 1 முதல் 5 வரை சீனாவில் தொழிலாளர் தின விடுமுறை. அக்டோபர் முதல் வாரத்துத் தேசிய நாள் விடுமுறையைப் போலவே இதிலும் நாடு முழுவதும் சுற்றுலாவுக்குக் கிளம்பிவிடும்; ரயில் சீட்டுகள் விற்பனை திறந்த சில நிமிடங்களில் தீர்ந்துபோகும், விடுதிக் கட்டணம் பல மடங்கு ஏறும், மலை மீதுள்ள லிஃப்ட்டுக்கும் கேபிள் காருக்கும் மணிக்கணக்கில் நிற்க வேண்டியிருக்கும். ஆறு வயதுக் குழந்தையையும் கால்வலியுள்ள அம்மாவையும் அந்த வரிசையில் நிறுத்துவதை நினைத்துப் பாருங்கள். பயணத்தைப் பத்து நாள் தள்ளி, மே 7 அல்லது 8 அன்று தொடங்குங்கள். உங்கள் பிள்ளைகளின் பள்ளி விடுமுறைக்குள்ளேயே அது அடங்கும். சீனப் பள்ளிகளுக்கோ அப்போது விடுமுறை இல்லை. வார நாட்களில் மலைப்பாதைகளில் நிம்மதியாக நடக்கலாம்.

அடுத்தது உயரம். ஊட்டி கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உங்கள் குடும்பத்தார் அங்கே சிரமமின்றி இருந்திருப்பார்கள் என்பதால் அதையே அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். உயர நோய் என்னும் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை போன்றவை பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான் தொடங்கும். திபெத்தின் தலைநகரான லாசா சுமார் 3,650 மீட்டர். வெளிநாட்டவர் அங்கே செல்ல சீன விசா மட்டும் போதாது. பயண நிறுவனம் வழியாகத் தனி அனுமதி பெற்று வழிகாட்டியுடன்தான் செல்ல முடியும். இந்தக் குடும்பத்துடன் இந்தப் பயணத்தில் திபெத்தை விட்டுவிடுங்கள். யுன்னானில் லிஜியாங் நகரம் சுமார் 2,400 மீட்டர் என்பதால் தங்குவதற்குத் தொல்லை இராது. ஆனால் எல்லோரும் அங்கே போவது ஜேட் டிராகன் பனிமலையைப் பார்க்கத்தான். அதன் பெரிய கேபிள் கார் உங்களைச் சில நிமிடங்களில் 4,506 மீட்டருக்குக் கொண்டுபோய் நிறுத்திவிடும். உடல் பழகுவதற்கு அவகாசமே கிடைக்காத அந்த ஏற்றத்துக்கு அம்மாவையும் சிறுவனையும் அழைத்துச் செல்ல மாட்டேன். அதே மாகாணத்தின் ஷாங்ரி-லா நகரமே 3,200 மீட்டருக்கு மேல் உள்ளது.

ஜியுஜைகோவை நீக்கச் சொல்ல எனக்கு மனமில்லை. அந்த நீல ஏரிகளுக்கு இணையானதை நான் வேறெங்கும் கண்டதில்லை; பள்ளத்தாக்கின் மேல் முனை வரை பேருந்து கொண்டுபோய்விடுவதால், அங்கிருந்து மரப்பாதையில் இறங்கிவருவது முழங்காலுக்கும் ஓரளவு ஏற்றது. 2017 ஆகஸ்டில் ஏற்பட்ட நிலநடுக்கத்துக்குப் பிறகு பல ஆண்டுகள் அது முழுமையாகத் திறக்கப்படாமல் இருந்தது. இப்போது 2024 ஆகஸ்டில் தொடங்கிய ரயில் பாதையால் சிச்சுவானின் தலைநகரான செங்டுவிலிருந்து செல்வதும் எளிதாகிவிட்டது. ஆயினும் அந்த இடத்தின் உச்சப் பருவம் இலைகள் நிறம் மாறும் அக்டோபர் நடுப்பகுதியும் இறுதியும்தான். அதற்கென்றே இன்னொரு முறை செல்லுங்கள்.

ஹுவாங்ஷான் 1,864 மீட்டர்தான், உயரத்தால் சிக்கலில்லை. அங்கே சிக்கல் படிகள். மூன்று பக்கங்களிலிருந்து கேபிள் கார் ஏறினாலும், மேலே உள்ள முகடுகளுக்கிடையே கருங்கல் படிகளில் ஏறி இறங்கித்தான் ஆக வேண்டும். சூரிய உதயத்தைக் காண மலைமேல் விடுதியில் தங்குபவர்கள் பெரிய பெட்டிகளைக் கீழே தாங்கோவ் ஊரிலேயே விட்டுவிட்டுச் செல்வார்கள். மேலே இருக்கும் அரிசியும் காய்கறியும் விரிப்புகளும் பெருமளவு சுமைதூக்குபவர்களின் தோளில் ஏறியவை; அவர்கள் மூங்கில் கழியில் சுமையைச் சமன்செய்து அடியடியாக ஏறுவதைக் கண்டவர்கள் அந்த விடுதிகளில் விலை ஏன் அவ்வளவு என்று கேட்க மாட்டார்கள். பைன் மரங்களும் பாறைகளும் மேகக்கடலும் சேர்ந்த அந்த மலைக்குச் சீன ஓவிய மரபில் தனி இடம் உண்டு. ஆனால் முழங்கால் வலியுடன் வருபவருக்கு அது தண்டனையாகிவிடும்.

எஞ்சுவது ஹூனான் மாகாணத்தின் ஜாங்ஜியாஜியே. உங்கள் ஐவருக்கும் பொருந்துவது அதுதான் என்பது என் உறுதியான கருத்து. அதன் மணற்கல் தூண் காடான வூலிங்யுவான் 1992-இல் யுனெஸ்கோ உலக மரபிடமாக அறிவிக்கப்பட்டது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட தூண்கள், பல இருநூறு மீட்டருக்கும் அதிக உயரமானவை. மேல்தளம் ஆயிரம் மீட்டரை ஒட்டியே இருப்பதால் மூச்சுத் திணறல் பற்றிய கவலை இல்லை. மேலே செல்ல லிஃப்ட், கேபிள் கார், மேல்தளம் முழுவதும் சுற்றிவரப் பேருந்து என்று எல்லாம் உண்டு.

உங்கள் மகளுக்கு இதன் உருவாக்கத்தைப் போகும் முன்பே சொல்லிவையுங்கள். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடலோரத்தில் படிந்த குவார்ட்ஸ் மணல் இறுகிக் கல்லாகி, பிறகு நிலம் உயர்ந்தபோது செங்குத்தாகப் பிளவுண்டது. அந்தப் பிளவுகளில் மழைநீர் இறங்கியது, குளிர்காலத்தில் உறைந்து விரிந்தது, மரவேர்கள் நுழைந்து நெருக்கின. பாறை பாளம் பாளமாக உதிர்ந்து தூண்கள் மட்டும் எஞ்சின. தென்சீனாவின் குய்லினில் காணும் குன்றுகள் சுண்ணாம்புக்கல் நீரில் கரைந்து உருவானவை. இங்குள்ளவை கரைந்தவை அல்ல, உடைந்து விழுந்து எஞ்சியவை. அதனால்தான் அங்கே வளைவுகளும் இங்கே நேர்கோடுகளும். இதைத் தெரிந்துகொண்டு பார்க்கும் குழந்தை ஒவ்வொரு தூணின் பக்கவாட்டிலும் விரிசலைத் தேடத் தொடங்கிவிடும்.

சென்னையிலிருந்து ஹூனானின் தலைநகரான சாங்ஷாவுக்கு கோலாலம்பூர், சிங்கப்பூர், பாங்காக் ஆகியவற்றில் ஒன்றில் மாறிச் செல்வது வசதி. இந்தியாவுக்கும் சீனாவுக்கும் இடையே 2020-இல் நின்றுபோன நேரடி விமானங்கள் 2025 அக்டோபர் இறுதியில் கொல்கத்தா–குவாங்சோ வழியில் மீண்டும் தொடங்கின. அதில் சென்றால் குவாங்சோவிலிருந்து சாங்ஷாவுக்கு அதிவேக ரயிலில் ஏறத்தாழ இரண்டரை மணி நேரம். அம்மாவை நினைத்து, ஒரே ஒரு மாற்றத்துடன் சாங்ஷாவிலேயே இறங்கும் வழியைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன்.

சென்ற அன்றே மலைக்கு ஓடாதீர்கள். சாங்ஷாவில் ஓரிரவு தங்கி, மறுநாள் காலை ஹூனான் அருங்காட்சியகத்துக்குச் செல்லுங்கள். 1970-களின் தொடக்கத்தில் மாவாங்துய் கல்லறைகளில் கண்டெடுக்கப்பட்ட, இரண்டாயிரத்து நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் தசை கெடாத ஒரு சீமாட்டியின் உடலும், ஐம்பது கிராம்கூட எடையில்லாத பட்டு அங்கியும் அங்கே இருக்கின்றன. நெசவு மரபு அறிந்த நம் ஊர்ப் பெண்மணிகள் அந்த அங்கியின் முன் வெகுநேரம் நிற்பார்கள். திங்கட்கிழமை விடுமுறை, முன்பதிவு அவசியம். பிற்பகல் ரயிலில் ஜாங்ஜியாஜியே மேற்கு நிலையம் செல்ல இரண்டரை மணி நேரம் அளவில் ஆகும். அங்கிருந்து, தூண் காட்டின் பெயரையே கொண்ட வூலிங்யுவான் ஊருக்குக் காரில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஜாங்ஜியாஜியே நகரத்தில் தங்கினால் தினமும் இந்தத் தூரத்தை இருமுறை கடக்க வேண்டிவரும். ஆகவே தூண் காடு இருக்கும் பூங்காவின் கிழக்கு வாயிலை ஒட்டிய வூலிங்யுவானிலேயே நான்கு இரவுகள் தங்குங்கள்.

பூங்காவின் நுழைவுச் சீட்டு நான்கு நாட்களுக்குச் செல்லும்; உள்ளே ஓடும் பேருந்துகளும் அதிலேயே அடக்கம். லிஃப்ட்டுக்கும் கேபிள் காருக்கும் தனிக் கட்டணம். முதல் நாள் பைலோங் லிஃப்ட்டில் ஏறுங்கள். மலைச்சரிவை ஒட்டி 326 மீட்டரை இரண்டு நிமிடத்துக்குள் கடந்து மேலே விடும் அது, பாறைக்குள்ளிருந்து வெளிப்பட்டதும் கண்ணாடிச் சுவர் வழியே தூண்கள் எழும் காட்சிக்காகவே நினைவில் நிற்கும். மேலே உள்ள யுவான்ஜியாஜியே விளிம்புப் பாதை பெரும்பாலும் சமதளம், இடையிடையே படிகள் உண்டு. அம்மா தொடக்கத்தில் உள்ள இரண்டு மூன்று காட்சிமுனைகளோடு நிறுத்திக்கொண்டாலும் பார்க்க வேண்டியதைப் பார்த்துவிடுவார். அங்கிருந்து பேருந்தில் தியான்ஸி மலைக்குப் போய், கேபிள் காரில் கீழே இறங்கிவிடலாம். இந்தச் சுற்றில் மலையேற்றம் என்று எதுவும் இல்லை.

இரண்டாம் நாள் கீழே, பொற்சாட்டை ஓடை என்று பொருள்படும் ஜின்பியன் ஓடையோரம் நடங்கள். தூண்களின் அடிவாரத்தில் மரநிழலில் செல்லும் சமதளக் கற்பாதை அது. அம்மா ஒரு மணி நேரம் நடந்துவிட்டுத் திரும்பலாம், நீங்கள் பிள்ளைகளுடன் முழு வழியும் போகலாம். கையில் தின்பண்டம் தெரியும்படி வைத்திருக்காதீர்கள். அங்குள்ள குரங்குகள் பையையே பறித்துவிடும். மகனிடம் இதை முன்கூட்டியே கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள்.

மூன்றாம் நாளைக் காலியாக விட வேண்டும். மே மாதம் ஹூனானில் மழைக்காலம். இதை மறைத்து உங்களுக்கு அறிவுரை சொல்வது நேர்மையாகாது. நாங்கள் முதன்முறை சென்றபோது தியான்ஸி மலையில் பத்தடிக்கு அப்பால் வெள்ளைத் திரையைத் தவிர ஒன்றுமே தெரியவில்லை. வேறு நாள் இல்லாத குழுப்பயணிகள் அந்த வெண்மையின் முன்னேயே படம் எடுத்துக்கொண்டு பேருந்தில் ஏறிப் போய்விட்டார்கள். மறுநாள் காலை மழை விட்டதும் மேகம் தூண்களின் இடுப்பளவுக்கு இறங்கி நின்றது. அதைப் பார்த்த என் மாமியார் அரைமணி நேரம் பேசவே இல்லை. மழைதான் அந்தக் காட்சியைத் தருகிறது, ஆனால் மழைக்கு மறுநாள் நீங்கள் அங்கே இருந்தால் மட்டுமே. மூன்று நாளும் வெயிலாகவே அமைந்துவிட்டால், தனிச் சீட்டில் நுழையும் ஜாங்ஜியாஜியே பெரும் பள்ளத்தாக்குக்குப் போய், 2016-இல் திறக்கப்பட்ட, சுமார் 430 மீட்டர் நீளமும் 300 மீட்டர் உயரமும் உள்ள கண்ணாடிப் பாலத்தில் நடக்கலாம். பயம் உள்ளவர்களை வற்புறுத்தி அழைக்காதீர்கள்.

பிறகு ஜாங்ஜியாஜியே நகரத்துக்கு இடம் மாறி இரண்டு இரவுகள் தங்குங்கள். தியான்மென் மலை நகரத்தை ஒட்டியே இருக்கிறது. சுமார் ஏழரைக் கிலோமீட்டர் நீளக் கேபிள் கார் நகரத்துக் கூரைகளுக்கு மேலாகக் கிளம்பி, அரைமணி நேரம் சென்று, 1,500 மீட்டரை ஒட்டிய முகட்டில் இறக்கிவிடும். மலையைத் துளைத்து நிற்கும் இயற்கை வாயில் 130 மீட்டருக்கும் அதிக உயரமுள்ளது. அதன் அடியில் உள்ள 999 படிகளை மகள் ஏற விரும்பினால் நீங்கள் துணைக்குப் போகலாம். மற்றவர்களுக்கு மலைக்குள்ளேயே குடைந்து அமைத்த எஸ்கலேட்டர்கள் இருக்கின்றன. 99 வளைவுகள் கொண்ட பேருந்துச் சாலையும் பயணத்தில் வரும் என்பதால் மகனுக்கு வாந்தி தடுக்கும் மருந்தை முன்பே கொடுத்துவிடுங்கள். இங்கே சீட்டு, பாஸ்போர்ட் விவரத்துடன், குறிப்பிட்ட நேரத்துக்குத்தான் தரப்படும். வானிலையைப் பார்த்து இரண்டு நாட்களில் நல்ல நாளைத் தேர்ந்தெடுங்கள்.

கடைசியாக ஃபெங்ஹுவாங் பழநகரம். அதே ரயில் பாதையில் ஒரு மணி நேரத் தொலைவு. ஆற்றங்கரையில் கால்கள் ஊன்றி நிற்கும் மரவீடுகளும் மியாவ், துஜியா இன மக்களின் வாழ்வும் உள்ள ஊர். ஓரிரவு போதும். ஆற்றை நோக்கிய அறை அழகாக இருக்கும், ஆனால் நள்ளிரவு வரை இசைக்கூடங்களின் ஓசை கேட்கும். குழந்தையுடன் செல்வதால் இரண்டு தெரு தள்ளித் தங்குங்கள். மறுநாள் சாங்ஷா திரும்பி ஓரிரவு ஓய்வு, பிறகு விமானம்.

உணவு பற்றி அம்மாவுக்குத்தான் கவலை இருக்கும். ஹூனான் சமையல் நம் நாவுக்குப் பழகிய காரமும் சோறும் கொண்டது. உருளைக்கிழங்குச் சீவல், முட்டைக்கோஸ், கத்திரிக்காய், டோஃபு எல்லாம் எந்தச் சிறு கடையிலும் கிடைக்கும். ஆனால் இதே காய்களைப் பன்றிக்கொழுப்பில் வதக்குவதும், மணத்துக்குப் புகையூட்டிய இறைச்சித் துண்டு சேர்ப்பதும், அரிசி நூடுல்ஸை எலும்புச் சாற்றில் பரிமாறுவதும் அங்கே இயல்பு. 'சைவம்' என்று மட்டும் சொன்னால் இறைச்சித் துண்டு இராது, கொழுப்பு இருக்கும். இறைச்சி, மீன், முட்டை, பன்றிக்கொழுப்பு, எலும்புச் சாறு எதுவும் வேண்டாம், தாவர எண்ணெயில் வதக்கவும் என்று சீன எழுத்தில் அச்சிட்ட அட்டையை அம்மாவின் பையில் வையுங்கள். ரயில்களிலும் நிலையங்களிலும் விடுதிகளிலும் கொதிநீர் தாராளமாகக் கிடைக்கும். வெந்நீர் ஊற்றினால் தயாராகும் உப்புமா, அவல் கலவைகளைப் பத்துப் பொட்டலம் எடுத்துச் சென்றால் காலை உணவுக் கவலை தீர்ந்தது. பச்சைக் காய்கறி, பழம், இறைச்சி, பால், வெண்ணெய் ஆகியவற்றை எல்லையில் அனுமதிக்க மாட்டார்கள்.

இனி ஆவணங்கள். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு விசா கட்டாயம். பல நாட்டினருக்கு அளிக்கப்படும் 240 மணி நேர விசா இல்லா இடைத்தங்கல் நமக்குப் பொருந்தாது. குழந்தைகள் உட்பட ஒவ்வொருவருக்கும் தனி விண்ணப்பம் வேண்டும். ரத்து செய்யக்கூடிய விடுதிப் பதிவுகளை வைத்து விண்ணப்பியுங்கள். ஒருமுறை நுழைவு விசா என்றால் நடுவில் ஹாங்காங் போய்வர நினைக்காதீர்கள், அங்கே போவதே சீனாவை விட்டு வெளியேறியதாகக் கணக்கு.

தமிழர்களுக்கே உரிய ஒரு தொல்லை பெயர். நம் பாஸ்போர்ட்டுகளில் குடும்பப்பெயர் இடம் காலியாக இருக்கும், அல்லது தந்தை பெயர் அங்கே இருக்கும், அல்லது முன்னெழுத்து விரிந்திருக்கும். ரயில் சீட்டு, மலைச் சீட்டு, பணச்செயலி மூன்றும் பாஸ்போர்ட்டோடு ஒப்பிடப்படும். பாஸ்போர்ட்டின் அடியில் இயந்திரம் படிக்கும் வரியில் எந்த எழுத்துகள் எந்த வரிசையில் உள்ளனவோ அவற்றையே எல்லா இடத்திலும் இடுங்கள். விடுதி பதியும்போது வெளிநாட்டவரைப் பதிவுசெய்யும் வசதி உண்டா என்று செய்தி அனுப்பிக் கேட்டுவிடுங்கள். சிறு விடுதிகளில் சிலருக்கு அந்த நடைமுறை தெரியாமல் இரவு பத்து மணிக்கு வாசலில் நிற்க நேரிட்ட அனுபவம் எனக்கு உண்டு.

சீனாவில் பணம் செலுத்த உதவும் அலிபே அல்லது வீசாட் செயலியில் உங்கள் விசா (Visa) அல்லது மாஸ்டர்கார்டு வங்கி அட்டையை ஊரிலேயே இணைத்துச் சரிபார்த்துவிடுங்கள். 200 யுவானுக்கு உட்பட்ட தொகைக்குக் கூடுதல் கட்டணம் இல்லை, அதற்கு மேல் 3 விழுக்காடு. உங்கள் மனைவியின் கைபேசியிலும் தனியாக இணையுங்கள். ஒரே கைபேசியை நம்பிச் செல்லக் கூடாது. கூகுள், வாட்ஸ்அப், யூடியூப் அங்குள்ள இணையத்தில் இயங்காது. இந்தியாவிலிருந்து ரோமிங் வசதியோடு எடுத்துச் செல்லும் சிம்மில் பெரும்பாலும் இயங்கும். விடுதி வைஃபையை நம்பி அம்மாவிடம் 'அங்கிருந்தே ஊருக்குப் பேசலாம்' என்று சொல்லிவிடாதீர்கள். உள்நாட்டு விமானம் ஏறுவதானால் சீனத் தரமுத்திரை இல்லாத பவர் பேங்கை 2025 ஜூன் இறுதியிலிருந்து அனுமதிப்பதில்லை. நான் சொன்ன வழியில் முழுவதும் ரயில் என்பதால் இந்தச் சிக்கல் வராது.

ரயில் சீட்டு பயணத்துக்குப் பதினைந்து நாள் முன்புதான் விற்பனைக்கு வரும். 12306 என்னும் ரயில்வே செயலியிலேயே ஆங்கிலப் பக்கம் உண்டு. ஆறு வயது நிறைந்த மகனுக்குச் சிறுவர் சீட்டு எடுக்க வேண்டும். ஆறுக்குக் கீழ் என்றால் இருக்கை இல்லாமல் இலவசம், ஆகவே பயண நாளில் அவன் வயதைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். விமானம், விடுதி, விசா, பணச்செயலி, பிறகு ரயில், கடைசியில் தியான்மென் மலைச் சீட்டு என்ற வரிசையில் செய்யுங்கள். பிப்ரவரி இறுதியில் தொடங்கினால் அவசரமின்றி முடியும். அம்மாவுக்குப் பிடிமானமுள்ள காலணியை இப்போதே வாங்கி ஊரிலேயே நடந்து பழகச் சொல்லுங்கள். ஈரக் கற்படியில் புதுக் காலணி வழுக்கும்.